ஈரல் மாற்றியவருக்குக் குளிசை எவ்வளவு காலம்? கேள்வி பதில்

நான் மருந்தாளர். உங்கள் டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

வாழைச்சேனை: அப்பாவுக்கு ஈரல் மாற்றி ஆறு வருசம், இரத்தப் பரிசோதனை எல்லாம் நல்லம். குளிசையை நிறுத்தலாமா அண்ணன்?

புது ஈரலை உடல் தாக்காமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசை அது, நீங்களாக நிறுத்த வேண்டாம் தம்பி. ஆனால் கேள்வி நியாயமானது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. சாப்பாட்டோடு வரும் அந்நியப் பொருளோடெல்லாம் சண்டை பிடித்தால் அது பிழைக்காது, அதனால் பொறுத்துப்போகப் பழகியிருக்கிறது. பன்றிகளுக்கு ஈரல் மாற்றிய ரோய் கால்ன், மருந்தில்லாமலே சில பன்றிகள் புது ஈரலை ஏற்றதை 1969 இல் எழுதினார். மனிதரில், 2013 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 98 பேருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 41 பேர் முழுதாக விட்டார்கள். மற்ற 57 பேருக்கும் உடல் ஈரலை நிராகரிக்கத் தொடங்கியது. அந்த 98 பேரும் ஈரல் மாற்றி மூன்று வருசமாவது ஆனவர்கள், டொக்டர்மாரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். வருசம் கூடக்கூட வாய்ப்பும் கூடியது. அப்பாவின் கிளினிக்கில் தாராளமாகக் கேளுங்கள்.

கல்முனை: சீந்தில் கசாயம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாமே?

கூட்டத்தான் கூடாது! அதை அடக்கத்தானே குளிசை தருகிறோம்? சீந்தில் ஈரலையே தாக்கியதாகவும் பதிவுகள் உண்டு.

களுவாஞ்சிக்குடி: நோபல் வாங்கிய அந்தக் கலங்கள் ஈரலுக்கு உதவுமா?

உதவலாம். உடலின் சண்டையை அடக்கும் கலங்களை 1995 இல் ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி காட்டினார். 2025 இல் அவரோடு சேர்த்து மூவருக்கு நோபல் பரிசு. ஜப்பானில் அப்படியான கலங்களை வளர்த்து, ஈரல் மாற்றிய 10 பேருக்கு ஏற்றினார்கள். 7 பேர் மருந்தை விட்டார்கள்.

அக்கரைப்பற்று: பத்தில் ஏழு! பிறகேன் எல்லாருக்கும் இல்லை? மருந்துக் கம்பனி விடாது.

விடாத கம்பனி எது? நீங்கள் போடும் இந்தக் குளிசைகளில் ஒன்றான டக்ரோலிமஸின் காப்புரிமை முடிந்து கன காலம், எத்தனையோ பேர் செய்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து அது, குறைக்கத்தான் டொக்டர்மாருக்கும் விருப்பம். பத்துப் பேரை வைத்து ஊருக்கே சட்டம் போட ஏலாது. விட முடியாத மூவரும், உடல் தன் ஈரலையே தாக்கும் நோய்க்காரர்.

அக்கரைப்பற்று: அப்ப நான் அந்த நோய்க்காரன் இல்லையே?

அதனால் நீங்கள் அந்த ஏழில் ஒருவர் ஆகிவிட மாட்டீர்கள் மச்சான். உங்களுக்கு யார் கலம் ஏற்றினார்கள்?

செங்கலடி: மருந்தளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில் காலைக் குளிசை?

இரத்தம் எடுத்த பிறகு. விடியப்புறம் பஸ் ஏறுபவர் பழக்கத்தில் போட்டுவிட்டு வருகிறார். அளவு கூடுதலாகக் காட்டும், டொக்டர் டோஸைக் குறைத்துவிடுவார். குளிசையைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள்.

பொத்துவில்: பம்பளிமாஸ்?

வேண்டாம். மருந்தளவை ஏற்றிவிடும்.

ஏறாவூர்: சிறுநீரகம் மாற்றிய தங்கச்சிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நிறுத்துகிற கதை பொருந்தாது.

ஆரையம்பதி: எனக்கு எந்த வருத்தமும் இல்லை, குளிசையை விடலாமா?

வாழைச்சேனைக்குச் சொன்னதை வாசியுங்கள். சீந்தில் விசயத்தையும்.

சம்மாந்துறை: நிறுத்தவில்லை, பாதியாகக் குறைக்கிறேன், சரியா?

இல்லை.