அந்தி நேரப் பதவியேற்பு

கே: கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பின் நடந்தது இனக் கலவரம்தானே?
- வாசகர், திண்டுக்கல்

ப: பாதி சரி. வெட்டிக்கொண்டது இனம் பார்த்துத்தான். கிளப்பிவிட்டது வாக்கு எண்ணிக்கை. டிசம்பர் 27 வாக்குப்பதிவு. முதலில் முன்னிலையில் இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா. அது மளமளவெனக் கரைந்து, 30-ஆம் தேதி மாலை சுமார் 2.3 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அதிபர் கிபாக்கி வென்றதாக அறிவித்தார்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள், அந்தி சாயும்போதே, பதவியேற்பும் முடிந்தது. ஏன் அந்த அவசரம்? கிபாக்கி வென்றாரா என்பது தனக்கே தெரியாது என்று பிற்பாடு சொன்னவர், முடிவை அறிவித்த தேர்தல் ஆணையத் தலைவர் கிவுயிட்டுவேதான்! நீதிபதிகள் அதிபரின் ஆட்கள் என்று நினைத்த எதிர்க்கட்சி, நீதிமன்றப் படியே ஏறவில்லை. தெருவில் இறங்கியது.

மேற்குக் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் பகை பழையது. வெள்ளையர் விட்டுப்போன பண்ணைகளில் கிபாக்கியின் இனமான கிகுயு மக்கள் குடியேறியதைத் தங்கள் நிலம் பறிபோனதாகவே, 2007-இல் பெரும்பாலும் ஒடிங்கா பக்கம் நின்ற கலெஞ்சின் மக்கள் பார்த்தார்கள். 1992 தேர்தலை ஒட்டியும் அங்கே ரத்தம் சிந்தியது. 2008 ஜனவரி 1 அன்று எல்டோரெட் அருகே கியம்பா தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த கிகுயு மக்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். மொத்தம் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. அதாவது, போலீஸுக்கும் இதில் பெரும்பங்கு. தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில், பக்கத்து நாடான உகாண்டாவுக்குப் போகும் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அங்கே பெட்ரோலுக்குத் திண்டாட்டம்.

கே: அதன் பிறகு என்ன மாற்றினார்கள்?
- வாசகி, கோவை

ப: 2010 அரசியலமைப்பு அந்த அவசரத்துக்குப் பூட்டுப் போட்டது. முடிவு வந்த 7 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 14 நாளில் தீர்ப்பு. அதுவரை பதவியேற்பு கிடையாது.

இன்னொன்று, 34ஏ படிவம், அதாவது ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவுத் தாள். சாவடியிலேயே எண்ணி, எழுதி, முகவர்கள் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கதவில் ஒட்டவேண்டும். 2017-இல் எல்லாச் சாவடிகளின் 34ஏ-வும் வந்து சேருமுன்னே முடிவை அறிவித்தார்கள். உச்ச நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. 2022-இல் 46,000-க்கும் மேற்பட்ட படிவங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். தேர்தல் ஆணையர்கள் 7 பேரில் 4 பேர் முடிவை ஏற்க மறுத்தும், நாடு பெரிதாகப் பற்றி எரியவில்லை. அந்தத் தேர்தலிலும் போட்டியிட்டுத் தோற்ற ஒடிங்கா நீதிமன்றம் போனார், அங்கும் தோற்றார்.

கே: 2007 கலவரத்துக்கு யாருக்காவது தண்டனை?
- வாசகர், சேலம்

ப: சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 6 பேர்மீது வழக்குப் போட்டது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அவர்களில் எதிரெதிர் முகாம்களில் இருந்த கென்யாட்டாவும் ரூட்டோவும் 2013-இல் ஜோடி சேர்ந்து, அதிபரும் துணை அதிபரும் ஆனார்கள்.