ஒரு மேசை 1,500 வெள்ளி என்றால் 1,500 இல்லை

சிங்கப்பூரில் சீன மாப்பிள்ளை, ஹோட்டலில் கல்யாண விருந்துக்கு 25 மேசை, மேசைக்கு 1,500 'ப்ளஸ் ப்ளஸ்'. 37,500 வெள்ளியை அங் பாவிலேயே, அதாவது விருந்தினர் சிவப்பு உறையில் வைத்துத் தரும் மொய்ப் பணத்திலேயே எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த ப்ளஸ் ப்ளஸைக் கணக்கில் சேருங்கள். 10% சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9% ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 44,962 வெள்ளி 50 காசு.

அங் பாவை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். மேசைக்குப் பத்துப் பேர் என்பதால் மேசை விலையைப் பத்தால் வகுத்துத்தான் பலரும் உறையில் வைப்பார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு மேசையில் பாதி நாற்காலி காலி. சுறுசுறுப்பாகச் சாப்பாடு மட்டும் வந்துகொண்டிருந்தது! குறைந்தபட்ச மேசை என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ஆள் வராவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். அதனால் 22 மேசைக்குக் கையெழுத்துப் போட்டு, மிச்சத்தை 'தேவைப்பட்டால்' என்று கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை இரவுக்குப் பதில் மதிய விருந்து என்றால் விலையே வேறு. வெளியிலிருந்து மது கொண்டுபோனால் பாட்டிலுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் உறைப் பணம் யாருக்கு? விருந்துச் செலவைப் பெற்றோர் ஏற்றால் அது பெரும்பாலும் அவர்கள் கைக்குத்தான் போகும். மாமியாரிடம் நீங்கள் கேட்காதீர்கள், மாப்பிள்ளையையே பேசச் சொல்லுங்கள்.

குவோ தா லி என்ற சீரும் பணமும் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும், நம் வரதட்சணைக்கு நேர் எதிர். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உங்கள் வீட்டார் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.