திருநர் பெற்றோரையும் வழக்கத்துக்கு மாறான குடும்பங்களையும் நேர்மையாகக் காட்டும் சமகால நாவல் எது?

நான் தயங்காமல் சொல்வது அருந்ததி ராய் 2017இல் வெளியிட்ட இரண்டாவது நாவலை. தமிழில் அது ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் ‘பெருமகிழ்வின் பேரவை’ என்ற பெயரில் வந்துள்ளது.

பழைய தில்லியில் திருநங்கைகள் சேர்ந்து வாழும் ‘குவாப்கா’ என்ற வீட்டில் இருப்பவர் அஞ்சும். ஜும்மா மசூதிப் படிக்கட்டில் தனியே அழுதுகொண்டிருந்த சிறு குழந்தையை அவர் தூக்கிவந்து, ஸைனப் என்று மகளாக வளர்க்கிறார். இதை உருக்கமான தியாகக் கதையாக்குவது எளிது. ராய் அப்படிச் செய்யவில்லை என்பதே எனக்கு முக்கியம். ஸைனபுக்கு அடிக்கடி உடல்நலம் கெடும்போது, அதே வீட்டிலுள்ள சயீதா பொறாமையால் செய்வினை வைத்துவிட்டாள் என்று அஞ்சும் சந்தேகப்படுகிறார். மகளுக்காக வேண்டிக்கொள்ள அஜ்மீர் தர்காவுக்குப் போனவர், அங்கிருந்து குஜராத் சென்று, 2002இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் சிக்கி, உயிர் மட்டும் மிஞ்சித் திரும்புகிறார். வந்ததும் ஸைனபின் தலைமுடியை வெட்டி, ஆண்பிள்ளை உடை மாட்டி, காயத்ரி மந்திரம் கற்றுக்கொடுக்கிறார். தன் உடலுக்குப் பொருந்தாத ஆடையைச் சிறுவயதில் சுமந்த ஒருவரே, பிள்ளையின் உயிரைக் காக்க வேண்டும் என்ற பயத்தில், அதே பாரத்தை மகள்மேல் ஏற்றும் அந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தாய்மை ஒருவரைத் தவறே செய்யாதவராக்கிவிடுவதில்லை என்பதைத் திருநங்கைத் தாய்க்கும் பொருத்திக் காட்டுவதைத்தான் நான் மரியாதை என்பேன்.

குறையும் உண்டு. ஸைனபின் மனத்துக்குள் நாவல் போதுமான அளவு நுழைவதில்லை. வளர்ந்த மகள் இதையெல்லாம் எப்படி நினைவுகூர்வாள் என்று அறிய ஆசைப்பட்டேன்.

இந்தியச் சட்டம் இன்னும் இந்த நாவலை எட்டவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத இணையர் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்க முடியாதபடி தடுக்கும் விதியை நீக்க, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மறுத்துவிட்டது. ஆனால் திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், இணையரான இரு பெண்கள் தொடர்பான வழக்கில் சொன்னது எனக்குப் பெரும் நம்பிக்கை தந்தது.

என் ஈடுபாட்டுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் பாட்டியை ‘அம்மா’ என்றும் பெற்றவரை ‘அக்கா’ என்றும் அழைத்து வளர்ந்தவன். கூட்டுக் குடும்பங்களில் இது புதிதல்ல. யாரும் எங்களிடம் சான்றிதழ் கேட்டதில்லை. அதே உறவை ஒரு திருநங்கை கோரும்போது மட்டும் ஊர் ஏன் விசாரணை நடத்துகிறது என்பதே என் நெடுநாள் கேள்வி.

அதனால்தான் நாவலின் இரண்டாவது குழந்தை எனக்கு இன்னும் நெருக்கமானது. தில்லியில் போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தரில் கைவிடப்பட்ட அக்குழந்தையை, நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான திலோ எடுத்துவர, கல்லறைத் தோட்டத்தில் அஞ்சும் எழுப்பிய விடுதியில் எல்லாரும் சேர்ந்து வளர்க்கிறார்கள். பிறகு, காவலர்களின் வல்லுறவில் பிறந்த குழந்தை அது என்று, மாவோயிஸ்டான பெற்ற தாய் ரேவதி இறப்பதற்கு முன் எழுதிய கடிதம் வருகிறது. வளர்ப்பவர்கள் அவரை மறைக்கவோ மறக்கவோ முயலவில்லை. கடிதத்தையே அவருடைய உடலாகக் கருதி மரியாதையோடு அங்கே புதைத்து, அவர் வைத்திருந்த ‘உதயா’ என்ற பெயரையும் சேர்த்துக் குழந்தையை உதயா ஜெபீன் என்று அழைக்கத் தொடங்குகிறார்கள்.