ஆறு விழாத நாளில் என்ன செய்வது?

இணையத்தில் லூடோ, பேக்கமன், தாயம் விளையாடுகிற நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்டிருப்பது ஆறு விழவைக்க ஏதாவது வழி உண்டா என்றுதான். இல்லை. விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, நகர்த்திய காயை யாருக்கு முன்னால் விட்டுவைப்பது என்ற இரண்டும்தான் நம் கையில் இருக்கின்றன. நான் பல வருடம் கணிதம் படிப்பித்தவன். பதில்களில் எண்ணிக்கை வரும். கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும்.

சேர், லூடோவில மற்றவைக்கெல்லாம் ஆறு விழுது. எனக்கு இருபது தரம் உருட்டியும் விழேல்லை. இது கள்ளம்தானே?
(பல்கலைக்கழக மாணவர், கொக்குவில்)

தம்பி, நேர்மையான கட்டையிலும் இருபது தரம் ஆறு விழாமல் போகிற வாய்ப்பு நூற்றுக்கு 2.6. சின்ன எண்தான். ஆனால் நாலு பேர் விளையாடுகிறீர்கள். நாலு பேரில் ஒருவருக்காவது முதல் இருபது உருட்டில் ஆறே விழாமல் போவது பத்து ஆட்டத்துக்கு ஒரு தடவை நடக்கும். அன்றைக்கு அது நீங்களாக இருந்திருக்கிறீர்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் 120 உருட்டல்களைக் கொப்பியில் குறித்துப் பாருங்கள். சராசரியாக 20 ஆறு வர வேண்டும். 12க்கும் 28க்கும் இடையில் வந்தால் அது வழமையானது. ஐந்தோ ஆறோதான் வந்தது என்றால் அந்தச் செயலியை அழித்துவிடுங்கள். ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது. வெட்டுப்பட்ட உருட்டல் மனதில் நிற்கும், சும்மா மூன்று கட்டம் போனது நிற்காது.

நாலு காயையும் இறக்கிப்போட்டு ஓடுறதா, ஒண்டைப் பழமாக்கிப்போட்டு மற்றதை இறக்கிறதா? அக்காமாரோட ஒவ்வொரு ஞாயிறும் விளையாடுறன், ஒவ்வொரு ஞாயிறும் தோல்வி.
(மருத்துவத் தாதி, சுன்னாகம்)

பிள்ளை, கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு காய் மட்டும் வெளியில் நின்றால் விழுந்த எண்ணுக்கு அதைத்தான் தள்ள வேண்டும். அங்கே யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு காய் நின்றால் ஒவ்வொரு உருட்டிலும் ஒரு தெரிவு கிடைக்கும், மூன்று நின்றால் இன்னும் நல்லது. அதனால் தொடக்கத்தில் ஆறு விழுந்தால் பெரும்பாலும் புதுக் காயை இறக்குங்கள்.

அடுத்தது தூரம். உங்கள் காய்க்குப் பின்னால் எதிராளியின் காய் ஒன்று முதல் ஆறு கட்டத்துக்குள் நின்றால், அடுத்த உருட்டில் நீங்கள் வெட்டுப்பட ஆறில் ஒரு வாய்ப்பு. ஏழு முதல் பன்னிரண்டு கட்டத்துக்குள் என்றால் அவர் முதலில் ஆறு போட்டு, பிறகு மிச்ச எண்ணையும் போட வேண்டும். அது 36இல் ஒன்று. ஆறாம் கட்டத்தில் நிற்பதற்கும் ஏழாம் கட்டத்தில் நிற்பதற்கும் இடையில் ஆறு மடங்கு வித்தியாசம்! ஒரே ஒரு கட்டம்தான், ஆனால் அதை எண்ணிப் பார்க்காமல்தான் முக்கால்வாசிப் பேர் காயைத் தள்ளுகிறார்கள். பின்னால் ஆறு கட்டத்துக்குள் ஒரே எதிராளியின் இரண்டு காய் வெவ்வேறு தூரத்தில் நின்றால் ஆபத்து மூன்றில் ஒன்றாகும்.

மூன்றாவது, காயின் வயது. ஆறு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதால் ஒரு முறைக்குச் சராசரி 4.2 கட்டம் போகலாம். நாற்பது கட்டம் வந்த காய் வெட்டுப்பட்டால் ஏறக்குறைய பத்து முறை உருட்டிய உழைப்பு போய்விடும். மூன்று கட்டம் வந்த காய் போனால் இழப்பு அதிகமில்லை. ஆபத்தான இடத்தில் இளங்காயை விடுங்கள், முதிர்ந்த காயை நட்சத்திரக் கட்டத்தில் ஏற்றுங்கள். வழமையான பலகையில் நாலு தொடக்கக் கட்டமும் நாலு நட்சத்திரமுமாக எட்டுப் பாதுகாப்பான இடங்கள் உண்டு. தொடக்கத்தில் இருந்து எட்டாவது கட்டம் நட்சத்திரம், அதில் இருந்து ஐந்தாவது அடுத்தவரின் தொடக்கம்.

இன்னொன்றை என் மாணவர்களுக்கு மட்டும்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். பழத்துக்குப் போகிற நிறப் பாதையில் ஏறிய காயை யாரும் வெட்ட முடியாது. அதை அவசரப்பட்டுப் பழமாக்காதீர்கள். பாதையின் அடியிலேயே நின்றால், ஒன்று, இரண்டு போன்ற சின்ன எண் விழும்போது அந்தக் காயைத் தள்ளிவிட்டு, நட்சத்திரத்தில் நிற்கிற காயை அசைக்காமல் வைத்திருக்கலாம். எதிராளி உங்களைக் கடந்து போன பிறகு நீங்கள் அவருக்குப் பின்னால் இருப்பீர்கள். பயப்படுவது இனி அவருடைய முறை.

இரண்டு காய் சேர்ந்து நின்றால் வெட்டலாமா, கூடாதா என்பது செயலிக்குச் செயலி மாறும். தொடங்குவதற்கு முன்னர் விதியை ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

பாம்பும் ஏணியும் வெல்ல என்ன உத்தி?
(ஏழாம் வகுப்பு மாணவி, வேலணை)

உத்தி இல்லை, மகள். அதில் நாம் எடுக்கிற முடிவு ஒன்றுகூட இல்லை. தம்பி தங்கையோடு சந்தோசமாக விளையாடுங்கள்.

நான் கட்டாரில வேலை. கூட வேலை செய்யிற லெபனான்காரர் போனில பேக்கமன் விளையாடுவினம். 'தவ்லா' எண்டு சொல்லுவினம். பழகிட்டன், ஆனா வெல்லேலாமல் கிடக்கு.
(சொந்த ஊர் மானிப்பாய்)

தம்பி, லூடோவில் ஒரு கட்டை, இதில் இரண்டு. அதனால் 36 விதமாக விழலாம். தனியே நிற்கிற காயை எதிராளி அடிக்கிற வாய்ப்பை மனப்பாடம் செய்யுங்கள்: ஒரு புள்ளி (பலகையில் உள்ள முக்கோணக் கட்டம்) தூரத்தில் 36இல் 11, இரண்டில் 12, மூன்றில் 14, நாலிலும் ஐந்திலும் 15, ஆறில் 17. ஏழில் திடீரென்று 6 ஆகக் குறைந்துவிடும். தனிக்காயை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஏழு அல்லது அதற்கு மேல் விடுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு கிட்ட விட முடியுமோ அவ்வளவு கிட்ட விடுங்கள். ஆறு புள்ளி தூரம்தான் ஆகக் கூடாத இடம்.

தொடக்கத்தில் மூன்றும் ஒன்றும் விழுந்தால் எட்டில் இருந்து ஒன்றையும் ஆறில் இருந்து ஒன்றையும் எடுத்து ஐந்தாம் புள்ளியைக் கட்டுங்கள், அதாவது இரண்டையும் அங்கே சேர்த்து வையுங்கள். அதைவிட நல்ல தொடக்கம் குறைவு.

எதிராளி பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் பயந்து விலகாதீர்கள். நாலு ஆட்டத்தில் ஒன்றையாவது வெல்லலாம் என்று தோன்றினால் ஏற்கலாம். கணக்கைப் பாருங்கள்: நாலையும் விட்டுக்கொடுத்தால் ஆட்டத்துக்கு ஒன்றாக நாலு பந்தயப் புள்ளி நட்டம். ஏற்றால் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி, ஒன்றை வென்று மூன்றைத் தோற்றால் இரண்டு வந்து ஆறு போகும், அதுவும் நாலு புள்ளி நட்டம்தான். நாலில் ஒன்றைவிடக் கூட வெல்லலாம் என்றால் ஏற்பதுதான் இலாபம்.

குனூ பேக்கமன் என்ற இலவச மென்பொருள் கணினியில் ஓடும். ஆடி முடித்த ஆட்டத்தைக் கொடுத்தால் எந்த நகர்த்தல் பிழை என்று காட்டும். அறைக்குத் திரும்பிய பிறகு அதோடு அரை மணித்தியாலம் இருங்கள்.

என்ர மகன் காசு கட்டி லூடோ விளையாடுறான். 'நான் கெட்டிக்காரன், விட்டதை எடுத்துப்போடுவன்' எண்டுறான். நீங்கள் சொன்னாக் கேப்பான்.
(ஒரு தாய், சாவகச்சேரி)

அம்மா, இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். உதாரணத்துக்கு இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள், வென்றவருக்கு 180 கிடைக்கிறது, 20 நடத்துகிறவருக்கு என்று வைப்போம். சமமான ஆட்டக்காரனோடு நூறு ஆட்டம் ஆடி ஐம்பதை வென்றால் கட்டியது 10,000, வந்தது 9,000. ஒரு பிழையும் விடாமலே ஆயிரம் ரூபாய் போய்விட்டது. ஒரு கட்டை ஆட்டத்தில் கெட்டித்தனம் தருகிற சின்ன முன்னிலையை அந்த இருபது ரூபாய் விழுங்கிவிடும். காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இந்தியா சட்டம் போட்டே தடுத்தது.

விட்டதை எடுக்கப் போகிறேன் என்று சொல்கிற பிள்ளையை ஏசாதீர்கள், அம்மா. எவ்வளவு கடன் என்று அமைதியாகக் கேளுங்கள். நித்திரையும் சாப்பாடும் கெட்டிருந்தால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு எடுத்துக் கதையுங்கள்.

சிவராத்திரிக்கு முழிச்சிருந்து சோகி (சோழி) போட்டுத் தாயம் விளையாடின ஆக்கள் நாங்கள். பேரப்பிள்ளையள் இப்ப லண்டனிலயும் ரொறன்ரோவிலயும். போனில விளையாடேலுமோ?
(அம்மம்மா ஒருவர், பருத்தித்துறை)

தாராளமாக, அம்மா. செயலிகளில் சில சோகிக்குப் பதிலாக 0, 1, 2, 3 புள்ளி உள்ள இரட்டைக் கட்டையைக் காட்டும். அதில் விழுகிற 16 விதத்தில் தாயம், அதாவது ஒன்று, இரண்டு தரம்தான். ஆகக் கூட விழுவது மூன்று, நாலு தரம். இரண்டும் நாலும் மும்மூன்று தரம், ஐந்து இரண்டு தரம், ஆறும் பன்னிரண்டும் (இரண்டு கட்டையிலும் 0) ஒவ்வொரு தரம். ஆகவே பேரன்மாரின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்காதீர்கள். வெட்டாமல் உள்ளே ஏற முடியாது என்ற விதியில் ஆடுவீர்கள் என்றால் முதலிலேயே ஒன்றை வெட்டிவிடுங்கள். பிந்தினால் வெட்டுவதற்கு வெளியில் காய் இருக்காது.

ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. பலகையை நிலத்தில் கீறி, கட்டங்களுக்குச் சோக்கால் எண் போட்டு, போனை மேலே சாய்த்து வையுங்கள். சோகியை நீங்கள் போடுங்கள், அவர்கள் எண்ணைச் சொல்லட்டும், காயை நீங்கள் வையுங்கள். சோகியின் சத்தம் அவர்களுக்கும் கேட்கும். சிவராத்திரி அன்று நமக்கு நள்ளிரவு 12 மணி ஆகும்போது லண்டனில் மாலை 6.30, ரொறன்ரோவில் பிற்பகல் 1.30.