முளையவியல் படிக்க விரும்பும் மகள்: ஹட்டன் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தர உயிரியல் பிரிவில் கற்கும் உங்கள் மகள், கரு வளரும் விதத்தை ஆராயும் முளையவியலை, குறிப்பாகக் கருவில் மூளையும் முண்ணாணும் உருவாகும் விதத்தையே, மேற்கொண்டு படிக்க விரும்புவதாகவும், மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் அந்த விருப்பம் வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் தேவையற்றது.

கருக்கட்டலுக்குப் பின் மூன்றாம் வாரத்தில் முளையத்தின் (வளரும் கருவின்) மேற்படையில் ஒரு பகுதி தடித்து நரம்புத் தட்டாகிறது. அதன் ஓரங்கள் உயர்ந்து, நடுவில் சந்தித்து, மூளையும் முண்ணாணும் ஆகப்போகும் நரம்புக் குழாயாக மூடிக்கொள்கின்றன. தலைப்பக்கத் துவாரம் ஏறத்தாழ 25ஆம் நாளிலும் வால்பக்கத் துவாரம் 28ஆம் நாளளவிலும் அடைபடும். தாம் கருவுற்றிருப்பதே பல தாய்மாருக்குத் தெரியாத காலம் அது. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் பிள்ளை முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறக்கக்கூடும் என்பதாலேயே, போலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் கருத்தரிக்கும் முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டால், அந்த மாத்திரையைப் பற்றி அவரே விளக்குவார். மகள் விரும்பும் பாடம் அவ்வளவு அருகில் இருக்கிறது.

இத்துறை மருத்துவர்களால் மட்டும் வளர்ந்ததும் அன்று. 1924இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், ஓர் ஈரூடகவாழியின் முளையத்திலிருந்து எடுத்த சிறு துண்டை இன்னொரு முளையத்தில் பொருத்தியபோது, அங்கே நரம்புக் குழாயுடன் கூடிய இரண்டாவது உடலச்சு உருவானது. சோதனைகளைச் செய்தவர் ஹில்டே மங்கோல்ட் என்ற விலங்கியல் ஆய்வு மாணவி. அவருடைய பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. மங்கோல்டோ 1924இலேயே தீவிபத்தில் இறந்துவிட்டார்.

ஆகவே மருத்துவத்துக்கு அடுத்து, பேராதனையின் மிருக வைத்திய பீடத்தையும் விஞ்ஞான பீடத்தின் உயிரியற் பாடநெறிகளையும் விருப்பப் பட்டியலில் எழுதச் சொல்வேன். மிருக வைத்தியத்தைப் பலர் தாழ்வாக எண்ணுவது எனக்கு வியப்பே: இனப்பெருக்கத்தையும் முளையவியலையும் அங்கே ஆழமாகக் கற்கலாம், தொழிலும் கைவசம் இருக்கும். விலங்கியல் பட்டதாரிக்கு ஆராய்ச்சி வழி திறந்திருந்தாலும், முதுமாணி வரை பொறுமை வேண்டும். உழைக்கத் தொடங்கச் சில ஆண்டுகள் பிந்தும் என்பதைக் குடும்பமாக இப்போதே பேசிக்கொள்ளுங்கள். கருத்தரிப்புச் சிகிச்சை நிலையங்களின் ஆய்வுகூடங்களிலும் முளையவியலாளர் பணி உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் இயன்மருத்துவமும் உள்ளன. முள்ளந்தண்டுப் பிளவுள்ள பிள்ளைகளை நடக்கப் பழக்குவதில் இயன்மருத்துவருக்குப் பெரும் பங்குண்டு.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கொழும்பு, கண்டி மாணவர்களுடையதோடு ஒப்பிட்டு மனம் தளராதீர்கள். மாவட்ட ஒதுக்கீட்டினால் நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி வேறாக இருக்கும். எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது ஆங்கிலமே. இந்தப் பாடநெறிகள் ஆங்கில மொழியில் நடப்பதால், பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை அதற்கென்றே ஒதுக்கி, தமிழில் கற்ற முளையவியல் அலகையே ஆங்கிலப் பாடநூலில் மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.