பதினாலு என்றால் மட்டமா?

கேள்வி: என் மகன் டர்பனில் பொருளறிவியல் ஆராய்ச்சி செய்கிறான். எச்-இன்டெக்ஸ் 14 என்கிறான். மருத்துவ ஆராய்ச்சியில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 30. என் மகன் மட்டமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: மட்டமெல்லாம் இல்லை அம்மா. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. 14 கட்டுரைகளுக்குத் தலா 14 மேற்கோளாவது (அதாவது, மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அதைச் சுட்டுவது) கிடைத்திருந்தால் எண் 14. என் கதையைக் கேளுங்கள். கரும்புச் சக்கைச் சாம்பலைச் சலித்துச் சலித்து, மூக்கெல்லாம் கறுத்து, சிமெண்டில் கலந்து பார்த்து ஐந்து கட்டுரை எழுதினேன். மேற்கோள்கள் 40, 12, 9, 4, 2. என் எண் வெறும் 4. அந்த 40 நாளைக்கே 400 ஆனாலும் 4தான்!

மருத்துவத்தில் எழுதுகிறவர்கள் கூட்டம் பெரிது, மேற்கோளும் குவியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அப்புறம், எண்ணை எங்கே பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுதளம் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோப்பஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் பெரும்பாலும் குறைவாகவே வரும். நம் தென்னாப்பிரிக்காவின் என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) ஆய்வாளர்களுக்குத் தரும் தரமதிப்பீட்டில் சக ஆய்வாளர்கள் கடைசி 8 ஆண்டு வேலையைப் படித்துத்தான் கருத்துச் சொல்கிறார்கள். மகன் அதற்கு விண்ணப்பித்தானா?