குளமும் பறவைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் ஊர்க் குளத்துக்கு நூற்றுக்கணக்கான பறவைகள் வருகின்றன. அவற்றைக் காப்பதற்காகப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். குளத்தின் உட்புறமான உள்வாயில் மரக்கன்று நடுவதா, செடிகொடிகளை அகற்றுவதா, எதிலிருந்து தொடங்கலாம்?
– நாங்குநேரி வட்டாரத்து வாசகர்

முதல் ஓராண்டுக்குக் குளத்துக்குள் எதையும் நடாமலும் எதையும் பிடுங்காமலும் இருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆர்வத்தோடு கூடியிருக்கும் உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர்களும் ஒரு குளத்தின் ஓரத்தில் அடர்ந்து கிடந்த சம்பையும் கோரையையும் வெறும் களை என்று எண்ணி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்துக் கரையேற்றினோம். ஊரார் பாராட்டினார்கள். அடுத்த வாரம் போனபோது, அந்த ஓரத்தில் எப்போதும் நடமாடும் நீலத் தாழைக்கோழிகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அறுத்துப் போட்ட குவியலைப் புரட்டியபோது உடைந்த முட்டையோடுகள் கிடைத்தன. அப்பறவை கூடு கட்டுவதே சம்புப் புதருக்குள்தான் என்பதை எங்களில் ஒருவரும் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

ஆகவே ஓராண்டு பாருங்கள். மாதம் இரண்டு முறை, காலை வேளையில், ஒரே பாதையில் கரையைச் சுற்றி வந்து, நீர் மடையின் எந்த அளவு வரை நிற்கிறது, எந்தப் பறவை எந்த இடத்தில் மேய்கிறது, எங்கே அடைகிறது, எங்கே கூடு வைக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும், ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும், மடை திறந்து பாய்ச்சும் நீர்க்கட்டி இன்னும் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். எந்த மாதம் எவ்வளவு நீர் வந்தது, எந்த ஆண்டு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும்.

அந்த ஓராண்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய உடலுழைப்பு ஒன்று உண்டு. அது குளத்துக்கு வெளியே, வரத்துக்காலில் இருக்கிறது. நீர் வந்து சேரும் கால்வாய் எங்கெங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே கழிவுநீர் அதில் கலக்கிறது என்று அதன் தலைப்பு வரை நடந்து பாருங்கள். குளத்தை மூடும் ஆகாயத்தாமரை கழிவுநீரில் வரும் சத்தை உண்டுதான் கொழிக்கிறது. அது நீரின் மேல் பாயாகப் படர்ந்து ஒளியையும் காற்றையும் தடுப்பதால் அகற்ற வேண்டியதுதான். ஆனால் கழிவுநீர் வரும் வழியை அடைக்காமல் எத்தனை முறை அள்ளினாலும், எஞ்சிய துண்டுகளிலிருந்தும் அடிமண்ணில் கிடக்கும் விதைகளிலிருந்தும் அது திரும்ப முளைத்துவிடும். அகற்றும் நாள் வரும்போது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாராமல், இலைக்கோழியோ தாழைக்கோழியோ கூடு வைத்திருக்கிறதா என்று பார்த்துப் பகுதி பகுதியாக அள்ளி, மழைநீர் மீண்டும் குளத்துக்குள் இழுத்துவர முடியாத தொலைவில் கொட்டுங்கள்.

மரக்கன்று பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கரையோரம் பனை விதைக்கலாம். திறந்த உள்வாயில் மட்டும் நட வேண்டாம், ஏனெனில் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் தடையில்லாத வெட்டவெளிச் சேறுதான் மேய்ச்சல் நிலம்.

கூந்தன்குளம் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. குழுவினர் அனைவரும் ஒருமுறை போய்வாருங்கள். அது 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு வைக்கும் மஞ்சள்மூக்கு நாரைகளையும் கூழைக்கடாக்களையும் ஊரார் ஊருக்கு நன்மை கொண்டுவரும் விருந்தினராகவே பார்த்து வந்திருக்கிறார்கள்; விழாக்களில் வேட்டுச் சத்தத்தைத் தவிர்த்திருக்கிறார்கள். எச்சம் சேர்ந்த வண்டல் அவர்களுடைய வயலுக்கு உரமாகப் போனது. உங்கள் ஊரிலும் குளத்தை நம்பி வாழும் உழவர்கள் உங்கள் குழுவில் இல்லையென்றால், அவர்களைச் சேர்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள். உழவர்கள் மகிழ்கிறார்கள், பறவை ஆர்வலர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். யார் சொல்வது சரி?
– மதுராந்தகம் வாசகி

தூர்வார வேண்டும் என்பதில் உழவர்கள் சொல்வது சரி. எப்படித் தூர்வாருவது என்ற கேள்வியில்தான் பறவைகளின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கிறது.

நம் ஏரி, கரையை ஒட்டி ஆழமாகவும் உள்வாயை நோக்கிப் போகப் போக மெல்ல மெல்ல மேடாகவும் அமைந்த ஒரு சரிவு. இந்தச் சரிவின் ஒவ்வொரு படிநிலையிலும் ஒவ்வொரு வகைப் பறவை மேய்கிறது. ஈரச் சேற்றிலும் விரற்கடை நீரிலும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள். கணுக்கால் நீரில் பவளக்கால் உள்ளான், அரிவாள்மூக்கன், சின்னக் கொக்கு. முழங்கால் நீரில் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும். அதற்கும் அப்பால் தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் ஊசிவால் வாத்தும், கிளுவையும். ஆழத்தில் முக்குளித்து மீன் பிடிக்கும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும். தை, மாசியில் நீர் வற்ற வற்ற அதன் விளிம்பு நாள்தோறும் உள்நோக்கி நகர்வதால், புதிய சேறு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வலசை வந்த பறவைகள் திரும்பிப் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை அந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்கின்றன.

இயந்திரத்தைக் கொண்டு ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டினால் இந்தச் சரிவு தொலைந்துவிடும். நீர் கூடுதலாக நிற்கும். ஆனால் நீர்க்காகமும் சில வாத்துகளும் தவிர மற்றவற்றுக்குக் கால் வைக்க இடமிருக்காது. குழியில் இறங்கும் ஆடுமாடுகளுக்கும் பிள்ளைகளுக்கும்கூட அப்படிப்பட்ட ஏரி ஆபத்தானது. எனவே கரையை ஒட்டிய ஆழப்பகுதியில் படிந்த வண்டலை மட்டும் எடுக்கவும், உள்வாய்ச் சரிவை விட்டுவைக்கவும், வண்டலுக்குக் கீழே உள்ள பழைய தரையைத் தொடாமல் நிறுத்தவும் கேளுங்கள். எடுக்கும் மண்ணில் ஒரு பகுதியைக் கரையிலிருந்து தள்ளிச் சாய்வான ஓரங்கள் கொண்ட திட்டாக அமைத்து அதில் கருவேலமோ நீர்க்கடம்போ வளர்த்தால், நாய்களும் பூனைகளும் நெருங்க முடியாத கூடுமரங்கள் சில ஆண்டுகளில் கிடைக்கும். வேலை நடக்கும் மாதத்தையும் பேசி முடிவுசெய்ய வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும்போது இயந்திரம் இறங்கக் கூடாது.

சீமைக் கருவேலத்தை வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். அது அயல்மரம்தான், அகற்றப்பட வேண்டியதுதான். ஆனால் வேறு மரம் இல்லாத ஏரியில் கொக்கும் நாரையும் அதில்தான் கூடு கட்டியிருக்கும். மாற்று மரம் வளரும் வரை கூடுள்ள மரங்களை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வட்டாரத்திலேயே வேடந்தாங்கல் இருப்பதால் இதை உழவர்களுக்கு எடுத்துச் சொல்வது எளிது. எச்சம் கரைந்த ஏரிநீர் பாயும் வயலில் விளைச்சல் கூடுவதைக் கண்ட வேடந்தாங்கல் மக்கள், 1798-ஆம் ஆண்டிலேயே அன்றைய செங்கல்பட்டு ஆட்சியரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமைக்கு ஒப்புதல் பெற்றவர்கள். ஆகவே உங்கள் ஊரில் உழவர்களையும் பறவை ஆர்வலர்களையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேச முடியும் என்று நம்புகிறேன்.

கேள்வி: பறவைகளின் பெயர் எங்களுக்கு அதிகம் தெரியாது. கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாமா? கூட்டமாக இருப்பவற்றை எப்படி எண்ணுவது?
– கல்லூரி மாணவியர், தூத்துக்குடி மாவட்டம்

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. உங்கள் மாவட்டத்தையும் உள்ளடக்கித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒரு கணக்கெடுப்பு நடந்து வருகிறது. புதியவர்களைத் தேர்ந்தவர்களோடு சேர்த்துத்தான் அனுப்புவார்கள்.

எண்ணுவதற்கு வழி இது. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவை மனத்தால் எடுத்து எடுத்துக் கூட்டத்தின் மறுமுனை வரை வைத்துக்கொண்டே போங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐம்பது ஐம்பதாகவோ நூறு நூறாகவோ வைக்கலாம். ஒருவர் இருநோக்கியில் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் எழுத வேண்டும். எழுந்து பறந்த கூட்டம் எந்தத் திசையில் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிவைத்தால், பக்கத்துக் குளத்தில் அதையே மறுபடி எண்ணுவதைத் தவிர்க்கலாம். குளங்கள் அனைத்திலும் ஒரே நாளில் எண்ணுவதும் இதற்காகத்தான்.

அடையாளம் தெரியாத வாத்தை ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் பதிவேட்டையே கெடுத்துவிடும். பறவையே இல்லாத குளத்துக்கும் சென்று ‘இல்லை’ என்று பதிவுசெய்யத் தவறாதீர்கள். அந்தப் பதிவு அங்கே நீர் இல்லாமற் போனதற்கோ, மேய்ச்சல் அழிந்ததற்கோ பின்னாளில் சான்றாக நிற்கும்.

கேள்வி: மீன்பாசி குத்தகை எடுத்தவர் நீர்க்காகங்களை விரட்ட வெடி போடுகிறார். வலைகளிலும் பறவைகள் சிக்கிச் சாகின்றன. புகார் கொடுக்கலாமா?
– சிவகங்கை மாவட்டத்து வாசகர்

கொடுக்கலாம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையைக் கொல்வதை மட்டுமன்றி முட்டையையும் கூட்டையும் சிதைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. ஆனால் முதலில் அவரிடம் பேசுங்கள். ஏலத்தொகைக்குக் கடன் வாங்கியிருப்பவர், தன் மீனைப் பறவை தின்பதாகப் பதைப்பது இயல்பு. எச்சம் நீரில் கரைந்து நுண்ணுயிர்களை வளர்ப்பதும், அவற்றை மீன்குஞ்சு உண்பதும் அவரிடம் எடுத்துச் சொல்லப்பட வேண்டியவை. முக்குளிப்பானும் நீர்க்காகமும் பகலில் மூழ்கி இரை தேடுபவை. வலையை இருட்டிய பின் இட்டு விடியுமுன் எடுத்துவிட்டால் அவை சிக்குவது பெரிதும் குறையும். கிழிந்த நைலான் வலையைக் குளத்திலேயே விட்டுவிடாமல் வாங்கிச் சேர்க்கும் பொறுப்பை உங்கள் குழு ஏற்கலாம். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை அவர் விடாமல் இருப்பது அவருடைய மற்ற மீன்களுக்கே நல்லது.

வெடியைப் பொறுத்தவரை, உங்கள் மாவட்டத்தின் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து பேசச் செய்தால், உங்கள் சொல்லைவிட அவருடைய சொல் ஆழமாக இறங்கும்.

கேள்வி: கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சை வீட்டில் வளர்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கூடாது. காயம் இல்லையென்றால், எட்டும் கூடாக இருந்தால், அதே கூட்டில் திரும்ப வைத்துவிட்டு விலகிவிடுங்கள். கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. முடியாதபோது காற்றுப்புகும் அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே வேண்டாம். அது மூச்சுக்குழலில் இறங்கிக் குஞ்சு இறந்துவிடும்.

கேள்வி: பள்ளிக்கரணையையும் வடுவூரையும் போல எங்கள் குளத்துக்கும் ராம்சர் தகுதி கிடைத்தால்தானே பாதுகாப்பு? அதற்கு என்ன செய்ய வேண்டும்?
– திருவாரூர் மாவட்டத்து வாசகர்

1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெறுவது பெருமைதான். 2002-இல் கோடியக்கரை அதில் சேர்ந்தபின் இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு அது ஒன்றுதான். 2022-இல் உங்கள் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் உட்படப் பல சேர்ந்தன. ஆனால் நம் பாசனக் குளங்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றில் மிகச் சிலவே அந்தப் பட்டியலை எட்டும். இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்கும்போது, 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உங்கள் குளத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

முதலில் உங்கள் குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கண்டறியுங்கள். குளத்தால் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியமும், அதற்கு மேற்பட்டால் நீர்வளத் துறையும் பொறுப்பு. உங்கள் பறவைக் குறிப்பேட்டையும் வரத்துக்காலின் படங்களையும் எடுத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் கால்வாயைச் செப்பனிட வேண்டும் என்று தீர்மானம் கேட்பதற்கு ஏற்ற நாள் அதுதான்.